குழந்தைக்காகக் காத்திருக்கும் மாதத்தில் உலக முடிவைப் பற்றி ஏன் வாசிக்கிறார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தோழியோடு முதல்முறையாக ஞாயிறு வழிபாட்டுக்குப் போயிருக்கிறீர்கள். அன்று திருவருகைக் காலத்தின் (ஆங்கிலத்தில் அட்வென்ட், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலம்) முதல் ஞாயிறு. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம் என்பதால் மாட்டுத் தொழுவம், இடையர்கள், பச்சைக் குழந்தை என்று ஏதாவது வாசிப்பார்கள் என்று எதிர்பார்த்தீர்கள். வாசித்தது வேறு. கதிரவனிலும் நிலாவிலும் அடையாளங்கள், கடலின் கொந்தளிப்பு, அச்சத்தில் மயங்கி விழும் மனிதர்கள், கண்ணிபோலத் திடீரென்று வந்து சிக்கவைக்கும் ஒரு நாள். பீடத்தில் ஊதாத் துணி. பக்கத்தில் ஒரு பசுமையான வளையம், அதில் நான்கு மெழுகுதிரிகள், ஒன்று மட்டும் எரிகிறது. "இது கொண்டாட்டமா, துக்கமா? ஈஸ்டருக்கு முன்வரும் நோன்புக் காலமான தவக்காலத்தின் சின்ன வடிவமா? அந்த மெழுகுதிரிகளுக்கு என்ன பொருள்? இதெல்லாம் பைபிளில் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்விபோலத் தெரிந்தாலும், குழந்தை பிறக்கப்போகிற மாதத்தில் உலக முடிவுக்கு என்ன வேலை என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் இந்த நான்கும் எளிதாகிவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லவேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாக ஞாயிறு வழிபாட்டுக்கு வாசகர்களைப் பழக்குவது, பாடல்களைத் தேர்ந்தெடுப்பது, பீடத்தில் எந்த நாளுக்கு எந்தத் துணி என்று பார்ப்பது என்று பின்னாலிருந்து வேலை செய்கிறவன். இடையில் திருவழிபாட்டியலை முறையாகப் படித்தேன். கத்தோலிக்கன். ஆகவே கத்தோலிக்க வழக்கத்தைப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். சீர்திருத்தச் சபைகளையும் கிழக்கத்திய சபைகளையும் பற்றிச் சொல்வது படித்ததிலிருந்து. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பெயரிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அட்வென்ட் என்பது 'அத்வெந்துஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வருகை என்று பொருள். தமிழில் கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்கிறார்கள், மற்ற சபைகளில் ஆகமன காலம், ஆகமன ஞாயிறு என்பார்கள். ரோமப் பேரரசில் இந்தச் சொல்லுக்கு ஒரு குறிப்பான பயன்பாடு இருந்தது. பேரரசர் ஒரு நகரத்துக்கு வருகிறார் என்றால் அந்த வருகைக்கு அத்வெந்துஸ் என்று பெயர். நகரத்தார் வாசலுக்கு வெளியே திரண்டு போய் எதிர்கொண்டு அழைத்து வருவார்கள். அப்புறம், லத்தீன் பைபிளில் இதே சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் 'உமது வருகைக்கும் உலக முடிவுக்கும் அறிகுறி என்ன' என்று சீடர்கள் கேட்கும் இடத்தில் வருகிறது. அங்கே கிரேக்கத்தில் 'பரூசியா' என்று இருப்பதை லத்தீனில் அத்வெந்துஸ் என்று பெயர்த்திருக்கிறார்கள். ஆக, முடிவில் மகிமையோடு வருவதைக் குறிக்கும் வாடை இந்தச் சொல்லில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. தொழுவத்தில் நடந்ததற்கு மட்டும் சூட்டிய பெயராக இதை எடுத்துக்கொண்டால்தான் முதல் ஞாயிறு வாசகம் நம்மைத் திடுக்கிட வைக்கும்.

4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயராக (பிஷப்பாக) இருந்த சிரில், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறத் தயாரானவர்களுக்குக் கொடுத்த உரைகளில் ஒன்றில், கிறிஸ்துவின் ஒரு வருகையை மட்டும் நாங்கள் அறிவிப்பதில்லை, இரண்டாவது ஒன்றையும் அறிவிக்கிறோம் என்று சொல்கிறார். முதல் வருகையில் துணிகளில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டார், இரண்டாவதில் ஒளியை ஆடையாக அணிந்து வருவார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். முதலாவது வருகை உடலெடுத்து வந்தது, கடைசி வருகை மாட்சியோடு வரப்போவது, இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. நடுவில் ஒரு வருகை இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொருவர் உள்ளத்திலும் நடக்கிறது என்றார். எட்டு நூற்றாண்டுகள் கழித்தும் டிசம்பர் மறையுரைகளில் இந்த மூன்றும் வந்துகொண்டே இருக்கின்றன. பல மறையுரையாளர்களுக்கு இது பெர்னார்டுடையது என்று தெரியாது என்பது வேறு விஷயம்.

இப்போது வாசகங்களுக்கு வருவோம். எனக்கு இந்தக் காலத்தில் மிகவும் பிடித்த சங்கதி இதுதான். நான்கு ஞாயிறுகளின் நற்செய்தியை வரிசையாக வைத்துப் பாருங்கள், படம் பின்னோக்கி ஓடும். முதல் ஞாயிறு உலக முடிவு. இரண்டாவதும் மூன்றாவதும் திருமுழுக்கு யோவான்: யோர்தான் ஆற்றங்கரையில் ஒட்டக மயிராடை உடுத்தி நிற்கும் வளர்ந்த மனிதர். அவர் அங்கே நிற்கும்போது இயேசுவுக்கு ஏறத்தாழ முப்பது வயது. நான்காம் ஞாயிறுதான் பிறப்புக்கு முந்தைய நிகழ்ச்சிகளுக்கு வந்து சேர்கிறது. ஓர் ஆண்டு யோசேப்பின் கனவு, அடுத்த ஆண்டு கபிரியேல் மரியாவிடம் செய்தி சொல்வது, அதற்கடுத்த ஆண்டு மரியா மலைநாட்டுக்கு விரைந்து போய் எலிசபெத்தைச் சந்திப்பது. இப்படி மூன்றாண்டுச் சுழற்சி. முதலாண்டில் மத்தேயு, அடுத்ததில் மாற்கு, அதற்கடுத்ததில் லூக்கா என்று நற்செய்தி நூல் மாறும். நீங்கள் கேட்டது லூக்கா 21ஆம் அதிகாரம், அதாவது சுழற்சியின் மூன்றாம் ஆண்டு. மத்தேயு ஆண்டில் போயிருந்தால் நோவா காலத்து வெள்ளமும் இரவில் வரும் திருடனும் காதில் விழுந்திருக்கும். மாற்கு ஆண்டில், வீட்டுத் தலைவர் எப்போது வருவார் என்று தெரியாமல் விழித்திருக்கும் வாயிற்காவலர். எந்த ஆண்டு போயிருந்தாலும் தொழுவம் கிடைத்திருக்காது.

இது அண்மைக் காலத்தில் யாரோ புகுத்தியதும் இல்லை. இன்றைய மூன்றாண்டு வாசக முறை 1969இல் வந்தது. அதற்கு முன்பு 1570 முதல் புழக்கத்திலிருந்த திருப்பலி (பூசை) நூலிலும் முதல் ஞாயிறு நற்செய்தி இதே லூக்கா 21தான். லூத்தரன் சபையின் பழைய வாசக வரிசையில் இன்னொரு ஆச்சரியம் உண்டு. அங்கே முதல் ஞாயிறுக்கு இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் நுழையும் பகுதி. ஆங்கிலிக்கன் சபையின் பழைய செப நூலிலும் அப்படித்தான். ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு வாசகம் டிசம்பரில் எதற்கு என்று தோன்றும். மேலே சொன்ன பேரரசர் வருகையை நினைத்துக்கொள்ளுங்கள்: அரசர் நகரத்துக்குள் வருகிறார், மக்கள் வெளியே வந்து எதிர்கொள்கிறார்கள். பெயருக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைக்காது. கத்தோலிக்க வழிபாட்டில் அதே முதல் ஞாயிறு சபை மன்றாட்டு, வருகிற கிறிஸ்துவை நற்செயல்களோடு ஓடிச்சென்று எதிர்கொள்ளும் மனவுறுதியைத் தரும்படி கேட்கிறது. உட்கார்ந்து காத்திருப்பதைவிட வாசலுக்கு வெளியே ஓடிப்போய் எதிர்கொள்வதுதான் அதில் இருக்கும் காட்சி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேற்கத்திய சபைகளில் திருவழிபாட்டு ஆண்டு திருவருகை முதல் ஞாயிறில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா, ஆண்டின் கடைசி ஞாயிறு. அதையொட்டிய வாரங்களிலும் முடிவு காலத்தைப் பற்றித்தான் வாசகங்கள் போகும். ஆக பழைய ஆண்டு எந்தப் பேச்சில் முடிகிறதோ அதே பேச்சில் புதிய ஆண்டு தொடங்குகிறது. நீங்கள் ஒரு வாரம் முன்னால் போயிருந்தால் இந்தத் தொடர்ச்சி தெரிந்திருக்கும், அதிர்ச்சி பாதியாகக் குறைந்திருக்கும்.

டிசம்பர் 17ஆம் தேதி திசை மாறும். 1969இல் வெளியான திருவழிபாட்டு ஆண்டுக்கான பொது விதிமுறைகள் இந்தக் காலத்துக்கு இரண்டு முகம் என்று தெளிவாகவே சொல்கின்றன: கடவுளின் மகன் முதன்முறை வந்ததை நினைவுகூரும் விழாவுக்குத் தயாரிப்பு ஒன்று, முடிவு நாளில் அவர் மீண்டும் வருவதை நோக்கி மனதைத் திருப்புவது மற்றொன்று. 17 முதல் 24 வரையுள்ள வார நாள்கள் பிறப்பு விழாவுக்கான நேரடித் தயாரிப்பு. 17ஆம் தேதி வாசிக்கும் நற்செய்தி மத்தேயுவின் தலைமுறைப் பட்டியல். ஆபிரகாம் முதல் யோசேப்புவரை பெயர், பெயர், பெயர். குருக்களுக்கு வருடத்திலேயே கடினமான வாசகம் அதுதான் என்று நினைக்கிறேன். செயல்தியேல், செருபாபேல் பக்கம் வரும்போது வேகம் குறைவதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். பின்வரிசையில் யாராவது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் இடையில் நுழைந்திருப்பதைக் கவனித்துவிட்டால் பிறகு தூக்கம் வராது. ஒவ்வொருத்தி கதையும் ஒரு தனிக் கதை.

அதே 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் ஏழு விளிப்புகள் ஒரு நாளைக்கு ஒன்றாக வரும். ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஒவ்வொன்றும் பழைய ஏற்பாட்டுப் படிமம் ஒன்றை எடுத்து, கடைசியில் 'வாரும்' என்று முடியும். 9ஆம் நூற்றாண்டில் மெட்ஸ் நகர அமலாரியுஸ் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆகவே அதற்கு முன்பே இவை இருந்தது உறுதி. லத்தீனில் இந்த ஏழு பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து கோர்த்தால் 'ஏரோ கிராஸ்' என்று வரும். 'நாளை நான் இருப்பேன்' என்று பொருள். 23ஆம் தேதி மாலை ஏழாவது விளிப்பைப் பாடி முடித்ததும் வருகிறவரே பதில் சொல்வதுபோல அமைந்திருக்கிறது. அழகான விஷயம், சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஆனால் இது திட்டமிட்டுச் செய்ததா, தற்செயலா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு நாள் முன்னதாகத் தொடங்கி எட்டாவதாக மரியாவைப் பற்றி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். எழுத்து விளையாட்டை அங்கே யாரும் சட்டமாக நினைக்கவில்லை போலிருக்கிறது.

சரி, தவக்காலத்தின் சின்ன வடிவமா என்ற கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாததற்கு வரலாறு காரணம். இந்தக் காலம் ஓரிடத்தில் பிறந்து பரவியதாகத் தெரியவில்லை, பல இடங்களில் பல விதமாக முளைத்திருக்கிறது. 380இல் ஸ்பெயினின் சரகோசாவில் கூடிய ஆயர் சங்கம், டிசம்பர் 17 முதல் ஜனவரி 6 திருக்காட்சிப் பெருவிழாவரை மூன்று வாரங்கள் யாரும் கோயிலுக்கு வராமல் இருக்கக் கூடாது என்று விதித்தது. அதில் அத்வெந்துஸ் என்ற சொல்லே கிடையாது, ஆகவே அதைத் திருவருகைக் காலத்தின் தொடக்கம் என்று அடித்துச் சொல்வது கொஞ்சம் அதிகப்படி. 5ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்துமஸ்வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு ஏற்படுத்தினார் என்று அதே ஊரின் பிற்கால ஆயர் கிரகோரி எழுதிவைத்திருக்கிறார். 6ஆம் நூற்றாண்டு இறுதியில் மாக்கோனில் கூடிய ஆயர் சங்கம் திங்கள், புதன், வெள்ளி என்று நாளையும் குறித்தது. இதுவே 'புனித மார்ட்டினின் நாற்பது நாள்' என்று அறியப்பட்டது, தவக்காலச் சாயல் வந்தது இந்த வழியில்தான். ரோமில் இது பிந்தித்தான் உருவெடுத்தது, நோன்பின் கடுமையும் அங்கே அவ்வளவு இல்லை. நான்கு ஞாயிறுகள் என்று வரையறுத்தவர் திருத்தந்தை (போப்) பெரிய கிரகோரியார் என்பது மரபாகச் சொல்லப்படுவது. ஆறு வாரம் கடைப்பிடித்த இடங்களும் இருந்தன. மிலான் நகரின் அம்புரோசு வழிபாட்டு முறையில் இன்றைக்கும் ஆறு வாரம்தான்.

ஆக ஒரு பக்கம் நோன்பு, இன்னொரு பக்கம் எதிர்பார்ப்பு. இரண்டு ஓடையும் கலந்த இடத்தில்தான் இன்றைய வழக்கம் நிற்கிறது. குருவின் ஊதா உடை நோன்பின் மிச்சம். உன்னதங்களிலே என்ற வானதூதர் பாடலை ஞாயிறுகளில் பாடுவதில்லை, கிறிஸ்துமஸ் இரவில் அது புதிதாக ஒலிக்கவேண்டும் என்பதற்காக. ஒரு முறை எங்கள் பாடகர் குழு பழக்க தோஷத்தில் முதல் ஞாயிறே அதை எடுத்துவிட்டது. ஆர்மோனியத்துக்கு எதிரே நின்று நான் தலையசைத்ததை, இன்னும் சத்தமாகப் பாடச் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டார்கள். ஆனால் அல்லேலூயா தொடரும், தவக்காலத்தில் அதுவும் நின்றுவிடும். வித்தியாசத்தை ஒரே அடையாளத்தில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். மேலே சொன்ன 1969ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்தக் காலத்தைப் பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என்றே வர்ணிக்கின்றன. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் திருவருகைக் காலத்தில் திருமணத்துக்கான சிறப்பு ஆசியைத் தடுக்கும் விதி இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை, தவ நாள்களாக அது குறிப்பிடுவது வெள்ளிக்கிழமைகளையும் தவக்காலத்தையும்தான். யோகான் செபாஸ்தியான் பாக் வேலை பார்த்த லைப்சிக் நகர லூத்தரன் கோயில்களில்கூட, முதல் ஞாயிறுக்குப் பிறகு கிறிஸ்துமஸ்வரை இசைக்குழுவோடு பாடும் பெரிய பாடல் கிடையாது. இசைக்கும் ஒரு நோன்பு.

மூன்றாம் ஞாயிறு ஊதாவுக்குப் பதில் ரோஜா நிறம் பார்ப்பீர்கள். அன்றைய வழிபாட்டின் தொடக்கத்தில் வரும் வருகைப் பா பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்திலிருந்து, 'ஆண்டவரில் எப்போதும் மகிழுங்கள்' என்று தொடங்கும். அதனால் மகிழ்ச்சி ஞாயிறு. நீண்ட நோன்பின் நடுவில் மூச்சு விட ஒரு நாள், தவக்காலத்திலும் இதேபோல ஒன்று உண்டு. ஆண்டில் அந்த இரண்டே நாள்கள்தான் அந்த உடையை எடுப்பார்கள், ஆகவே பெட்டியிலிருந்து வரும்போது மடிப்புக் கோடுகள் நன்றாகவே தெரியும். ஊதாதான் ஆதி காலத்திலிருந்து என்றும் நினைக்கவேண்டாம். மூன்றாம் இன்னொசென்ட் திருத்தந்தையாவதற்குச் சற்று முன், 12ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் எழுதிய நூலில் திருவருகைக் காலத்துக்குக் கருப்பைக் குறிப்பிடுகிறார். இன்று சில லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளில் தவக்காலத்திலிருந்து வேறுபடுத்திக் காட்ட நீலம் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது அந்த வளையம். இதைப் பற்றி இணையத்தில் நிறையக் கதை உலவுகிறது. பழங்கால ஜெர்மானியர்கள் குளிர்காலத்தில் வண்டிச் சக்கரத்தைக் கழற்றி விளக்கேற்றினார்கள் என்பது அதில் ஒன்று. அதற்கு நம்பத்தக்க சான்று எதையும் நான் பார்த்ததில்லை. ஆதாரத்தோடு சொல்லக்கூடியது 1839. ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிச் விச்சர்ன் என்ற லூத்தரன் ஊழியர் ஒரு மரவளையத்தில் மெழுகுதிரிகளை வைத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி நான்கு, இடைப்பட்ட நாள்களுக்குச் சின்னச் சிவப்புத் திரிகள். கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ என்று பிள்ளைகள் நச்சரித்ததால் நாளை எண்ணிக் காட்டச் செய்தார் என்பார்கள். குழந்தைகளோடு இருந்தவர்களுக்கு இது நடந்திருக்கும் என்று நம்பக் கஷ்டமிருக்காது. பிறகு சின்னத் திரிகள் உதிர்ந்து, பசுந்தழை சேர்ந்து, நான்கு திரி வளையமாகி, கத்தோலிக்கக் கோயில்களுக்கு 20ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. ஆக, நம்முடைய தொன்மையான மரபு என்று பலரும் பெருமையாகச் சொல்லும் பொருளுக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை, அதுவும் லூத்தரன்களிடமிருந்து வந்த கொடை.

நான்கு திரிகளின் பொருளைப் பற்றி உங்கள் தோழி நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று சொல்லியிருக்கலாம். இன்னொருவர் இறைவாக்கினர், பெத்லகேம், இடையர், வானதூதர் என்பார். வரிசையும் ஆளுக்கு ஆள் மாறும். இவை எல்லாம் பிற்காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வசதியாக ஏற்பட்டவை. வழிபாட்டு நூல் எந்தத் திரிக்கும் எந்தப் பெயரும் சூட்டவில்லை. மூன்று ஊதா, ஒன்று ரோஜா என்பது ஒரு வழக்கம், ஜெர்மனியில் நான்கும் சிவப்பாக இருப்பதைப் பார்க்கலாம், நடுவில் கிறிஸ்துமஸ் இரவுக்கு ஒரு வெள்ளைத் திரி வைப்பவர்களும் உண்டு. எனக்குப் பெயர்களைவிடப் பிடித்தது வேறு. நான்காம் ஞாயிறு அந்த வளையத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். முதலில் ஏற்றியது அடிவரை கரைந்து, உருகிய மெழுகு வழிந்து தழையில் உறைந்திருக்கும். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் உயரம், மூன்றாவது இன்னும் உயரம், நான்காவது புதுத் திரி, கருகாத நுனி. எத்தனை வாரம் காத்திருந்தோம் என்பதைப் படிக்கட்டுபோலக் காட்டும். இதற்கு யாரும் விளக்கவுரை எழுதவேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு ஒரு சன்னலாகத் திறக்கும் அட்டை நாள்காட்டியும் ஜெர்மனியில் பிறந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் கதவில் சாக்கட்டியால் கோடுகள் போட்டு நாளுக்கு ஒன்றாக அழிப்பார்கள். அச்சிட்டு விற்றவர்களில் முன்னோடி மியூனிக்கின் கெர்ஹார்ட் லாங், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அது எப்போதும் டிசம்பர் 1இல் தொடங்குவது அச்சிடுபவர்களின் வசதிக்காக. திருச்சபையின் கணக்கு அப்படிப் போகாது. நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் உள்ள ஞாயிறுதான் முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்த நாளிலும் விழலாம், காலத்தின் நீளமும் 22 முதல் 28 நாள்வரை மாறும்.

பைபிளில் இருக்கிறதா என்றால், இல்லை. நான்கு வாரம் கடைப்பிடிக்கச் சொல்லி ஒரு வசனமும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கே தேதி கிடையாதே. அதனால்தான் இங்கிலாந்தின் கடும் சீர்திருத்தக்காரர்களான பியூரிட்டன்கள் இந்த நாள்காட்டியையே ஒதுக்கினார்கள், பல பெந்தெகொஸ்தே சபைகளில் இன்றும் இந்தக் காலத்தைக் கொண்டாடுவதில்லை. அவர்களுடைய நிலைப்பாட்டில் ஒரு தர்க்கம் இருக்கிறது, அதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் உள்ளடக்கம் பைபிளிலிருந்து வந்ததுதான். இறைவாக்கினர் எசாயாவின் ஏக்கம், யோவானின் அழைப்பு, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் கடைசியில் அரமேயத்திலேயே விட்டுவைத்த 'மாரநாதா', அதாவது 'எங்கள் ஆண்டவரே வாரும்'. கிரேக்கம் பேசிய சபைகளில்கூட மொழிபெயர்க்காமல் சொல்லப்பட்ட வேண்டுதல் அது.

கிழக்கத்திய சபைகளில் படம் வேறு. ஆர்த்தடாக்ஸ் சபைகளின் பைசாந்திய மரபில் இதற்கு இணையானது நவம்பர் 15இல் தொடங்கும் நாற்பது நாள் நோன்பு. நவம்பர் 14 புனித பிலிப்பு திருநாளை அடுத்து வருவதால் பிலிப்புவின் நோன்பு என்றும் பெயர். அங்கே ஆண்டு தொடங்குவது செப்டம்பர் 1. ஆகவே 'திருவருகை முதல் ஞாயிறு திருச்சபையின் புத்தாண்டு' என்ற வாக்கியம் மேற்குக்கு மட்டும் பொருந்தும். கேரளத்தின் சீரோ மலபார் சபை போன்றவை பின்பற்றும் கிழக்குச் சிரிய மரபு இதில் மேற்கோடு ஒத்துப்போகிறது. அவர்களுடைய ஆண்டும் இந்தக் காலத்தில்தான் தொடங்குகிறது, அதன் பெயர் 'சுபாரா', நற்செய்தி அறிவிப்பு என்று பொருள்.

கடைசியாக, 'நான் கிறிஸ்தவர் இல்லை, தோழியோடு வீட்டில் இதைக் கடைப்பிடிக்கலாமா' என்று கேட்டிருந்தீர்கள். மெழுகுதிரி ஏற்றவும் எசாயா வாசிக்கவும் யாரிடமும் அனுமதி வாங்கவேண்டாம். வளையம் வைப்பதென்றால் ஞாயிறு மாலை ஒரு திரி, எசாயாவில் ஒரு பகுதி, ஐந்து நிமிட அமைதி, அவ்வளவு போதும். 17ஆம் தேதி முதல் அந்த ஏழு விளிப்புகளை நாளுக்கொன்றாகச் சொல்லலாம். குடில் வைக்கிற வழக்கம் இருந்தால் தீவனத் தொட்டியை 24ஆம் தேதி இரவுவரை காலியாக விடுங்கள். வத்திக்கான் சதுக்கத்துக் குடிலிலும் அப்படித்தான் விடுவார்கள். மரத்தை எப்போது அலங்கரிப்பது, கிறிஸ்துமஸ் பாடல்களை எந்தத் தேதியிலிருந்து பாடலாம் என்பதில் என்னைப்போன்றவர்கள் காட்டும் கறாரை வீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம். கோயிலில் அது பொருந்தும், கூடத்தில் எரிச்சலைத்தான் உண்டாக்கும்.

திரி வாங்கும்போது நாள்காட்டியை ஒரு முறை பாருங்கள். 2022இல் கிறிஸ்துமஸ் ஞாயிறில் வந்ததால் முழு 28 நாள் கிடைத்தது. 2023இல் அது திங்கள். நான்காம் ஞாயிறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவும் ஒரே நாள். காலையில் ஊதாத் துணியோடு நான்காவது திரியை ஏற்றிவிட்டு, மதியம் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் நாங்கள் நான்கைந்து பேர் துணியை மாற்றி, பூ வைத்து, குடில் முன்னாலிருந்த திரையை எடுத்து, இரவுத் திருப்பலிக்கு வெள்ளை விரித்தோம். அந்த நான்காவது திரி அரை விரல்கூட எரிந்திருக்கவில்லை. எடுத்துத் துடைத்து, அடுத்த ஆண்டு முதல் திரியாக வைத்துக்கொண்டோம். 2028இலும் கிறிஸ்துமஸ் திங்கள்தான்.